பிடிமண்

கான்சாபுரம்
4.1.2026

இராஜபாளையத்துப் பேண்டேஜ் துணி சாம்ராஜ்யத்தில் தறி ஓட்டும் மன்னன், என் அண்ணன் மகன் சூர்யபிரகாஷுக்கு, கருப்பசாமி கோயிலின் ஏகச் சக்கரவர்த்தி சித்தப்பா வேல்சாமி எழுதுவது.

போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவேன் என்று கடிதத்தில் கேட்டுவிட்டாய். உங்கள் தெருவில் நம் சாமிக்குக் கோயில் எழுப்ப, இங்கே அவர் காலடியிலிருந்து ஒரு பிடிமண் வேண்டும். அம்புட்டுத்தானே?

மண்ணைப் பற்றி என்னிடமா கேட்கிறாய்? வார்டு தேர்தலில் நான் மண்ணைக் கவ்விய வேகத்தில் பூமியே ஓரடி தாழ்ந்தது. என் தலையிலுள்ள களிமண்ணைத் தோண்டினால் பிளவக்கல் அணைக்கு இன்னொரு கரை கட்டலாம் என்பாள் உன் சித்தி. இப்போது அவளும் மண்ணுக்குள் போய்ப் பேசாமல் படுத்துவிட்டாள்.

ஆனால் பிடிமண் தரமாட்டேன். அது போகிற ஊருக்குச் சாமியும் போய்விடும். பொறவு நீங்கள் எதற்கு இங்கே வரப்போகிறீர்கள்? மற்றப் பங்காளிகள் வருவதை நிறுத்தி வருஷமாச்சு. சிவராத்திரிக்குக் கருப்பசாமியும் நானும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கவா?

உன் அம்மா, என் மதினி, கோபித்தால் கோபிக்கட்டும்.

சித்தப்பா
வேல்சாமி

இராஜபாளையம்
10.1.2026

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். தேர்தல் சங்கதிக்குச் சிரித்தாள். கடைசி வரி வந்ததும் எழுந்து போகப் பார்த்தாள், ஏலவில்லை. மூட்டு அப்படி. போன சிவராத்திரிக்கு வரும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாற இறங்கி, படியிலேயே விழுந்தாள். உங்களிடம் சொல்லக் கூடாது என்றிருந்தாள். கார் வைத்து வந்தாலும் ஓடையைத் தாண்டிக் கோயிலுக்கு நடக்க அவளால் ஆகாது.

நீங்கள் பயப்படுவது சரிதான். இங்கே கோயில் வந்துவிட்டால் நாங்கள் அங்கே வரமாட்டோம். பொய் சொல்ல மனசில்லை.

நானே வந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்துவிடவா என்று கேட்டேன். "களவாண்ட மண்ணுல சாமி உக்காருமாலே? உங்க சித்தப்பா கையால தரணும். அவிய தரலைன்னா நான் கும்பிடாமலே போய்ச் சேருறேன்" என்றாள்.

மகன்
சூர்யபிரகாஷ்

கான்சாபுரம்
18.1.2026

சூர்யபிரகாஷுக்கு,

இன்று காலையில் பூக்கட்டிப் போட்டு உத்தரவு கேட்டேன். வெள்ளைப் பூ வந்தால் மண்ணைக் கொடுக்கலாம். சிவப்பு வந்தால் கூடாது. சிவப்பு வந்தது. மறுபடியும் சிவப்பு. அவருக்கும் போக மனசில்லை போலிருக்கிறது.

நான் என்ன லேசுப்பட்டவனா? வெள்ளை வருகிற வரைக்கும் போட்டேன்.

மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து மதினி கையில் கொடுக்கிறேன்.

சிவராத்திரிக்கும் அங்கேயே வந்துவிடச் சொல்லுவாள். சொல்லவிடாதே. சொன்னால் வந்துவிடுவேன். பொறவு இங்கே விளக்கேற்ற ஆள் கிடையாது.

சித்தப்பா
வேல்சாமி