ஏசா ஓடி வந்த வாசகம்

தப்பு என்னுதுதான் ஷாலினி, அத மொதல்ல சொல்லிட்டு அப்புறம் சுகம் விசாரிக்கிறேன். ஆண்டவர் தயவுல நானும் உங்கப்பாவும் இங்க திண்டிவனத்துல நல்லாத்தான் இருக்கோம், அங்க மஸ்கட்டுல நீயும் சுதாகரும் ஒடம்புக்கு ஒண்ணுமில்லாம இருக்கணும்னு தெனமும் ஜெபத்துல சொல்லிகினுதான் இருக்கேன். போன்ல பேசலாம்னா உங்கப்பாவுக்குப் பாம்புக் காது, அதான் எதிர்வூட்டு ரோஜா அங்க வேலைக்கு வர்றாளே, அவகிட்ட இத குடுத்தனுப்புறேன்.

எங்கண்ணனுக்கு, அதான் உங்கப்பாவுக்கு, விழுப்புரத்துல கண் ஆபரேசன் ஆயி எங்கூட்டுக்கு வந்து பதினெட்டு நாளாவுது. ஒரு மாசம் எதையும் படிக்கக் கூடாதுன்னுட்டாரு டாக்டர். அன்னன்னிக்குக் கோயில்ல படிக்கிற பைபிள் வாசகத்தப் படிக்காம வாயில தண்ணி ஊத்தாத மனுசன், பேஜாரா பூட்டாரு. அதனால காலையில நான் படிக்கிறது, அவரு கேக்கறது. அம்மா இல்லாத உன்ன வளக்கறப்ப செஞ்ச மாதிரியேதான், ஆளுக்கு ஒரு வரி புடிச்சிக்கணும், பகலெல்லாம் அத மென்னுகினே இருக்கணும், சாயங்காலம் மல்லாட்டை உரிச்சு கடலை எடுக்கறப்ப அது எங்க குத்துச்சுன்னு சொல்லணும். நீ எப்பவும் சின்ன வரியா பாத்துப் புடிப்ப, கள்ளி. போன செவ்வாக்கெழம, அண்ணன் ஏசாவ ஏமாத்திட்டு ஓடிப்போன யாக்கோபு பல வருசம் கழிச்சு பயந்துகினே திரும்பி வர்றானே, அந்த வாசகம். ஏசா ஓடியாந்து கட்டிப் புடிச்சு ரெண்டு பேரும் அழுவாங்க. அன்னிக்கு சாயங்காலம் உங்கப்பா மல்லாட்டைய தொடவேயில்ல. ஒரு வரி சொல்லுண்ணான்னு உசுப்புனேன். ஏமாந்தவன்தான் ஓடுறான் அஞ்சம்மா, ஏமாத்துனவன் நடந்துதான் வர்றான்னாரு. மறுநாளும் அதையே படின்னாரு, அதுக்கு மறுநாளும். நேத்து என்ன கேட்டாரு தெரியுமா, அந்தப் பையன் கறி மீன் சாப்புடுவானா, இல்ல சைவமான்னு. ரெண்டு வருசமா சுதாகர் பேர எடுத்தாலே எழுந்து போன மனுசன்டி!

இதுல என் தப்பு என்னன்னா, ஞாயித்துக்கெழம கோயில்ல இருதயமேரி சிஸ்டர்கிட்ட இத சொன்னா, செவ்வாக்கெழம வாசகம் அது இல்லியேங்கறாங்க. வந்து பாத்தா நான் படிச்சது மாசாமாசம் வர்ற வாசக புக்குல போன வருசத்துது, இதே மாசம். அண்ணன்கிட்ட சொல்லல. ஆண்டவர் அன்னிக்குக் குடுத்த வார்த்த இல்லியான்னு மனசு மாறிட்டா? நீயும் மூச்சு விடாத. அப்பன்கிட்ட சொல்லாம ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்து போட்டவ நீ, அதனால நீயே ஜல்தியா கூப்புடு. அவரு ஓடியார ரெடிதான், கருப்புக் கண்ணாடி போட்டுகினு எந்தப் பக்கம் ஓடுறதுன்னுதான் தெரியல. வாசகம் ஏழு மணிக்கு முடியும், அங்க அஞ்சரை, தூங்கிடாத. நீ வாசகத்த விட்டுட்டியா, தெனம் படிக்கிறியா? ஒரு வரியாவது புடி. ஆண்டவர் உங்க ரெண்டு பேர் தலமேலயும் கை வெச்சிருக்கட்டும், தலைக்கு எண்ணெய் வெய்யி.

உன்ன எப்பவும் நெனச்சிகினு இருக்கற
அத்தை அஞ்சம்மாள்

கவர் ஒட்டப் போனப்பதான் ஞாபகம் வருது. அந்தப் பழைய புக்கு எங்கூட்டுது இல்ல. அன்னிக்கு உங்கப்பாதான் தன் பையிலேர்ந்து எடுத்து, இதப் படின்னு குடுத்தாரு. அந்தப் பக்கத்து மூலை மடக்கியிருந்துச்சு.