சித்தியின் பிரேக்

அன்புள்ள வாயாடிக்கு,

சித்தப்பா எழுதுவது. நீ அங்கே உடம்பும் மனசும் சௌக்கியமாக இருக்கிறாய் என்று நம்பித் தொடங்குகிறேன். இங்கே நாங்கள் எப்படி இருக்கிறோம் என்பதை வழக்கம்போல் முதல் வரியிலேயே எழுதி முடித்துவிடாமல் இந்த முறை கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன், காரணம் போகப் போகத் தெரியும். அதற்கு முன்னால், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஈரேழு பதினாலு உலகமும் கேட்கும்படி சத்தியம் செய்கிறேன்: இப்போது நான் சொல்லப் போவது ஒருத்தரும் நம்பாத கதை. நீயும் நம்பாதே. கார் லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத உன் சித்தப்பனை, இந்தக் கிழவனை, அதிவேகமாக வண்டி ஓட்டினான் என்று போலீஸ் பிடித்துவிட்டது.

சிரித்து முடித்துவிட்டு மேலே படி. நான் ஓட்டும் லட்சணம் உனக்குத் தெரியாது. எனக்குப் பழக்கிவிட்ட டிரைவிங் மாஸ்டர் முதல் நாள் சுருள் சுருளாக முடி வைத்திருந்தவர், நான் ரிவர்ஸ் எடுக்கக் கற்று முடித்தபோது அவர் மண்டையில் முகம் பார்த்துத் தலை சீவலாம் போல இருந்தது. மூன்றாவது கியர் என்று ஒன்று இருப்பது எனக்கு வெறும் வதந்தி. போன மாதம் ஒரு சவ ஊர்வலம் பின்னாலிருந்து ஹார்ன் அடித்து, "பெரியவரே, கொஞ்சம் ஒதுங்குங்க, எங்களுக்கு நேரமாச்சு" என்று என்னை முந்திக்கொண்டு போனது, படுத்திருந்தவரே தலையைத் தூக்கி ஒரு முறை முறைத்தார். அந்த வேகமே உன் சித்திக்கு ஆகாது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு காலடியில் இல்லாத பிரேக்கை ஓங்கி ஓங்கி மிதிப்பாள். மிதித்த மிதியில் அந்தப் பக்கத்துத் தகடு தேய்ந்து ரோடு தெரிகிறது. "மெதுவாப் போங்க, மெதுவாப் போங்க" என்று வண்டி நிற்கும்போதே சொல்லுவாள்.

அப்படிப்பட்ட எங்கள் ரதம் அன்றைக்கு விடியற்காலையில் தெருமுனை திரும்பியதும் தரையை விட்டுக் கிளம்பிவிட்டது. காக்கைகள் மரியாதையாக இடது பக்கம் ஒதுங்கின. சிக்னல் விளக்குகள் என்னைப் பார்த்த பயத்தில் தானாகப் பச்சையாகின. உன் சித்தியோ காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள், ஒரு தடவைகூட பிரேக் மிதிக்கவில்லை, நம்ப முடியாத கதை என்று முதலிலேயே சொன்னேனே. மேம்பாலத்து இறக்கத்தில் வேகம் அளக்கும் கருவியோடு நின்றிருந்த போலீஸ்காரர் என்னைக் குறி பார்த்ததும் கருவி புகைந்தது, அவர் தொப்பி பக்கத்து ஊரில் போய் விழுந்தது, கடைசியில் வைப்பரைப் பிடித்துத் தொங்கித்தான் என் வண்டியை நிறுத்தினார்.

இனி விளையாட்டு இல்லை கண்ணு, உட்கார்ந்து படி. அவர் குனிந்து உள்ளே பார்த்தார். நல்ல மனுஷன்தான். "ஏன் சார் இவ்வளவு வேகம்? அம்மாவுக்கு உடம்பு முடியலையா?" என்று அவராகவே கேட்டார், ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முன்னால் போய் வழி விலக்கிக்கூட விட்டிருப்பார். உன் சித்திக்கு உதடெல்லாம் நீலம் பூத்து, மூச்சு ரம்பம் அறுப்பதுபோல் வந்துகொண்டிருந்தது. அந்த நிலையிலும் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, "எனக்கென்ன சார், நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். நான் வாயைத் திறந்தேன், தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. அவர் சீட்டு எழுதினார், கேட்டதற்கு நல்லா இருப்பதாக அம்மாவே சொன்னதாகவும் சேர்த்து எழுதினார், தேதி போட்டுக் கையெழுத்து வாங்கினார். அவர் எழுதி முடிக்கும்வரை நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவளுடைய அடுத்த மூச்சு வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் சித்திக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. போன மழைக்காலத்திலேயே. வாரத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரியில் மிஷினோடு படுக்க வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். அன்றைக்கு முந்தின முறை சளிக் காய்ச்சல் என்று போகாமல் இருந்துவிட்டாள், நீர் நெஞ்சில் ஏறிவிட்டது. வேறு சிறுநீரகம் வைக்க இருதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஆகவே இருக்கும்வரை அந்த மிஷின்தான். ஆரம்பத்தில் பஸ்ஸில்தான் கூட்டிப் போய் வந்தேன், ஒருநாள் திரும்பும்போது பஸ் படியிலேயே மடிந்து விழுந்தாள், கண்டக்டரும் நானும் தூக்கி உட்கார வைத்தோம். மிஷினில் எங்களுக்குக் கிடைத்த நேரமோ விடிவதற்கு முன்னால், அந்த நேரத்தில் கூப்பிட்டால் வாடகைக் கார் பாதி நாள் வருவதில்லை. அதற்காகத்தான் இந்த வயதில் கிளச்சை மிதிக்கக் கற்றேன், உன்னிடம் போனில் 'வயசான காலத்துல வந்த ஆசை' என்று அவள் சொன்னாளே, நீயும் என்னை ஒரு வாரம் கிண்டல் பண்ணினாயே, அது இதுதான்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று என் மீசை மேல் சத்தியம் வாங்கியிருந்தாள். நேற்று மீசையை எடுத்துவிட்டேன். புது ஊரில் புது வேலை, கேள்விப்பட்டால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்து நிற்பாய் என்பது அவள் பயம். பெற்றவள் போன பிறகு உன்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டவள், இன்னும் இறக்கி வைக்கத் தெரியவில்லை அவளுக்கு.

இப்போது பிரச்சினை இதுதான். மாடி வீட்டு வக்கீலைக் கேட்டேன். பேசாமல் அபராதத்தைக் கட்டினால் தப்பை ஒத்துக்கொண்டதாக ஆகும், புது டிரைவர் என்பதால் லைசென்ஸை ரத்து செய்துவிடுவார்கள், மறுபடி முதலிலிருந்து பழகி வாங்க மாதக்கணக்கில் ஆகும். கோர்ட்டில் எதிர்த்து நின்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்த சீட்டைக் காட்டலாம், ஆனால் போலீஸ்காரர் எழுதியது குறுக்கே நிற்கிறது. "அம்மா வந்து, அன்னைக்கு எனக்கு முடியலை, நல்லாருக்கேன்னு சொன்னது பொய்னு அவங்க வாயால சொல்லணும் சார். இல்லேன்னா கேஸ் நிக்காது" என்கிறார் வக்கீல். அப்படிச் சொன்னாலும் ஜெயிக்கும் என்று அவர் உறுதி சொல்லவில்லை. உன் சித்தியோ, "முன்னப்பின்ன தெரியாத ஜனங்க நடுவுல நான் மூச்சுக்குத் தவிச்ச கதையைச் சொல்லணுமா? அதெல்லாம் முடியாது. பணத்தைக் கட்டிட்டு வாங்க, பஸ்ஸுல போய்க்கலாம்" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பஸ்ஸில் போனால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே இரண்டு பேரும் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி வைக்கிறோம்.

நான் முடிவு பண்ணிவிட்டேன், எதிர்த்தே நிற்பது என்று. அடுத்த வாரம் பதில் கொடுக்க வேண்டும். ஊர் பேர் தெரியாத மாஜிஸ்திரேட் கேட்பதற்கு முன்னால் நீ கேட்க வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம். அவளை வாய் திறக்க வைக்க என்னால் ஆகவில்லை, உன்னால் ஆகும். அடுத்த முறை போன் பண்ணும்போது 'நல்லா இருக்கியா சித்தி' என்று மட்டும் கேட்காதே. அந்தக் கேள்விக்கு அவளிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. 'கோர்ட்டுக்கு என்ன கட்டிக்கிட்டுப் போகப் போறே' என்று கேள். முதலில் என்னைத் திட்டுவாள், திட்டட்டும், திட்டி முடிக்கும்வரை போனை வைக்காதே. உடனே கிளம்பி வராதே, வர வேண்டிய நேரத்தில் ஒளிக்காமல் நானே சொல்லுவேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் தூங்கு. நீயும் கார் பழகப் போவதாகச் சொன்னாய், பழகு, பெல்ட்டைப் போட்டுக்கொள், வழியில் நிறுத்தி யாராவது 'என்ன ஆச்சு' என்று கேட்டால் ஆனதைச் சொல்லிவிடு. எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு, அவளுடையதை அவளுக்குத் தெரியாமல் நானே எடுத்து இதில் வைத்து அனுப்புகிறேன். எங்கள் சௌக்கியத்தைப் பற்றி முதல் வரியில் விட்ட இடம் அப்படியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
இன்றைய தேதி வரை லைசென்ஸ் பறிபோகாத,
உன் சித்தப்பா

பி.கு.: காக்கை, சிக்னல், தொப்பி, வைப்பர் எல்லாம் புளுகு, அதை நீயே கண்டுபிடித்திருப்பாய். அந்தப் பறந்த கதையில் ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். சித்தி அன்றைக்குப் பிரேக் மிதிக்கவில்லை. வழி நெடுக அந்தக் காலையே பார்த்துக்கொண்டுதான் ஓட்டினேன்.