சட்டைப்பையில் ஒரு கரண்டி

அன்புள்ள எழுத்தாளனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் வீட்டிலும் அப்படியே இருக்கட்டும். உன் கதை வந்த வாரப் பத்திரிகை கிடைத்தது. "உன்னை நினைத்துத்தான் எழுதினேன், எப்படி இருக்கிறது சொல்" என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன். கையில் காபி இருந்தால் கீழே வைத்துவிட்டுப் படி.

உன் கதாநாயகனும் என்னைப் போலவே துணிக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவனுக்கும் வலிப்பு. மூன்று முறை விழுகிறான். மூன்று முறையும் யாராவது ஓடிவந்து பல்லுக்கு நடுவே கரண்டியைத் திணிக்கிறார்கள். நான்காவது முறை வெட்டும் மெஷின் மேலேயே விழுந்து செத்துப்போகிறான். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். எங்கள் கம்பெனியில் அதைப் படித்து அழாத ஆள் இல்லை.

வினையே அதுதான். பக்கத்து மேசைக்காரர் இப்போது சட்டைப்பையில் கரண்டியோடு வேலைக்கு வருகிறார். நேற்று சாப்பிட்டுவிட்டு ஒரு கொட்டாவி விட்டேன். மனிதர் பாய்ந்து வந்து என் தாடையைப் பிடித்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பல் இன்னும் வலிக்கிறது.

சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. "கதையப் படிச்சதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்லப்பா. நீ இனிமே மெஷின் பக்கம் வராத" என்று சொல்லிவிட்டார். ஆறு வருடமாக வலிப்பு ஒரு முறைகூட வரவில்லை, ஒரு வேளை மாத்திரை தவறியதில்லை, மெஷினைத் தொடலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தது உங்கள் மேசையிலேயே இருக்கிறது என்றேன். டாக்டர் எழுதியது அவர் மண்டையில் ஏறவில்லை, நீ எழுதியது ஏறிவிட்டது. பதினோரு வருடம் துணி வெட்டியவன் இப்போது சட்டை மடித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை முதலாளி வந்து முடிவு சொல்வாராம். அவரும் கதையைப் படித்துவிட்டார்.

கதை எழுதியதைக்கூட மன்னித்துவிடுவேன். வாயில் எதையும் திணிக்கக் கூடாது என்று தெரிந்தே தப்பாக எழுதினாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை. படிக்கிற காலத்தில் நம் ஹாஸ்டல் அறையில் எனக்கு வலிப்பு வந்தபோது நீ கரண்டியா தேடினாய்? நாற்காலியை நகர்த்தினாய். உன் போர்வையைச் சுருட்டித் தலைக்கு அடியில் வைத்தாய். என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய். நான் கண் விழித்ததும், "ரெண்டரை நிமிஷம்டா. தூங்கு, மத்தியானப் பரீட்சைக்கு எழுப்புறேன்" என்றாய். எழுப்பினாய். எழுதினேன், பாஸும் ஆனேன். இதெல்லாம் ஏனப்பா கதையில் இல்லை? படித்தால் யாருக்கும் அழுகை வராது என்றா?

வெள்ளிக்கிழமைக்குள் முதலாளிக்கு ஒரு கடிதம் போடு. கதையில் வருபவன் நானில்லை என்று எழுதாதே, யாரும் நம்பப்போவதில்லை. அந்த ரெண்டரை நிமிஷத்தை நடந்தபடியே எழுது. மத்தியானம் எழுப்பியதையும் விடாதே.

நீ எழுதினால் ஊரே நம்புகிறது. அந்தக் கை நன்றாக இருக்கட்டும். ஒரே ஒரு தடவை என்னைச் சாகடிக்காமல் எழுது.

மடிப்பு மேசையிலிருந்து,
உன் நண்பன்