சித்தப்பா ஏறாத லிஃப்ட்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்பால் நன்றாகவே இருக்கிறோம், அங்கே நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். மனசு நன்றாக இருக்கிறதா என்பதை இதைப் படித்து முடித்தபின் நீயே பார்த்துக்கொள். போனில் பேசியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து சமாதானம் பேசுவாய், கடிதத்தில் அந்த வசதி கிடையாது. அப்பாவுக்குத் தோள்வலி குறையவில்லை, ஆனாலும் தினமும் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட் பழுது பார்க்கப் போகத்தான் செய்கிறார். சமையலறைக் குழாய் இன்னமும் ஒழுகுகிறது, ஊர் லிஃப்டையெல்லாம் சரிசெய்கிறவர் கண்ணுக்கு வீட்டுக் குழாய் படாது என்பது உனக்குத் தெரிந்த கதைதான்.

உன் சித்தப்பாவின் புது வீட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். அடுக்குமாடியில் ஐந்தாவது மாடி. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள், இவர் வீட்டுக்குள்ளேயே பிடிக்கிறார். சோபாவுக்குக் கடையில் சுற்றிக்கொடுத்த பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை, உட்கார்ந்தால் சரசரவென்று சத்தம், எழுந்தால் உறையும் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது. சுவர் அகலத்துக்கு ஒரு டிவி, அதன் முன்னால் நின்று விலை சொன்னார், மேசைக்கு விலை சொன்னார், திரைச்சீலைக்கு விலை சொன்னார், அந்த வீட்டில் விலை சொல்லப்படாமல் இருந்தது நான் மட்டும்தான். எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனுஷருக்கு இத்தனையும் எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே உன் சித்தி இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு மூச்சு வாங்க உள்ளே வந்தாள், முகமெல்லாம் வியர்வை. லிஃப்ட் ஓடவில்லையா, நான் அதில்தானே வந்தேன் என்று கேட்டேன். ஓடுதுக்கா, நடந்தா உடம்புக்கு நல்லதுன்னு நாங்க யாருமே அதுல ஏறுறதில்லை என்றாள். தெருமுனைக் கடைக்கே வண்டி கேட்கிறவள் ஐந்து மாடி நடக்கிறாளாம். நான் கிளம்பியபோது உன் சித்தப்பா லிஃப்ட் வரை வந்து கதவைத் திறந்துவிட்டு, பாத்துப் போங்க அண்ணி என்று பல்லைக் காட்டினார். நானும் மரியாதை தெரிந்த கொழுந்தன் என்று நினைத்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

சாப்பிடும்போது இதை வேடிக்கையாக அப்பாவிடம் சொன்னேன், அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அப்போதுதான் எனக்கு முழுக் கதையும் தெரிந்தது. அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பார்க்க முதலில் அனுப்பப்பட்டவர் அப்பாதான். ஏதோ பழைய கட்டடத்தில் கழற்றிய லிஃப்டாம், கம்பிக்கயிற்றைத் துணியால் துடைத்துப் பார்த்தபோது அறுந்த இழைகளில் மாட்டித் துணியே கிழிந்துவிட்டதாம். கயிற்றை மாற்றாமல் ஓட்டக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். கட்டடம் கட்டியவர் ஐந்தாவது மாடியில் ஒரு வீட்டைத் திறந்து காட்டி, கயிறு நல்லா இருக்குன்னு சொன்னா இது உங்களுக்கு என்றாராம். அப்பா கருவிப் பையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டார், எனக்குச் சொல்லவில்லை, நான் ஆசைப்பட்டுவிடுவேன் என்று பயந்தாரோ என்னவோ. அதன்பிறகு அந்த வேலை, அதே தொழில் பார்க்கும் உன் சித்தப்பாவுக்குப் போனது. கயிறு மாத்தியாச்சுண்ணா, நானே நின்னு மாத்தினேன் என்று அவர் சொன்னதை, கூடப்பிறந்தவன் வாக்கு என்று அப்பா நம்பிவிட்டார். இவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு, லிஃப்ட் சரி என்று சொன்னவன்தான் முதலில் தனியாக ஏறி உச்சிக்குப் போய் வரவேண்டும். மறுநாள் அப்பா போய் அங்கிருக்கும் காவல்காரரிடம் விசாரித்தார். கயிறும் மாற்றவில்லை, உன் சித்தப்பா ஏறவும் இல்லை, அந்தக் காவல்காரரை ஏற்றிவிட்டுக் கீழே நின்று பார்த்தாராம். லிஃப்டை நிறுத்தச் சொல்லி அப்பா கட்டடக்காரரிடம் கேட்டார், அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாய் விற்ற காசு குரைக்காது என்பார்கள், இந்த வீட்டில் நன்றாகவே குரைக்கிறது, அதனால்தான் குடும்பமே படியேறி ஓடுகிறது. அண்ணியை மட்டும் அதில் ஏற்றிக் கதவைச் சாத்துவார்கள்.

இந்த நேரத்தில்தான் உன்னுடைய நீளமான செய்தி போனில் வந்தது. சித்தப்பா சொல்லி மூன்றாவது மாடியில் நமக்குப் பாதி விலைக்கு ஒரு வீடு கிடைக்கிறது, நீ சரி என்றும் சொல்லிவிட்டாய், அப்பா அந்த லிஃப்ட் விஷயத்தைக் கிளறாம வாயை மூடிட்டு இருந்தாப் போதும்மா, மானத்தை வச்சு வாடகை கட்ட முடியுமா, மூணு மாடிதானே, நீங்க நடந்துக்கலாம் என்று எழுதியிருந்தாய். நடந்துக்கலாமாம். அப்படியென்றால் கயிறு மாற்றவில்லை என்று உனக்குத் தெரியும். நாலாவது மாடியில் முழங்கால் போன ஒரு ரிட்டையர்டு டீச்சர் இருக்கிறார், அந்த லிஃப்ட் இல்லாவிட்டால் அவர் வெளியுலகமே பார்க்க முடியாது, அவரும் நடந்துகொள்வாரா? உன் சித்தப்பா ஒரு வீட்டுக்காகத் தன்னை விற்றார், போகட்டும், அது அவருடைய சரக்கு. நீ விற்கப் பார்த்தது உன் அப்பாவை. அதுவும் பாதி விலைக்கு. உன்னைப் படிக்கவைத்ததை நினைத்து நான் பெருமைப்பட்ட நாட்களை எண்ணிச் சிரித்துக்கொண்டேன், வேறென்ன செய்ய.

போன ஞாயிற்றுக்கிழமை உன் சித்தப்பா கட்டடத்தில் எல்லாரையும் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார், எங்களையும்தான். நாங்கள் போனபோது எல்லாரும் கீழே கூடியிருந்தார்கள். டீச்சர் கைத்தடியோடு லிஃப்டுக்குள் போய் நின்றுகொண்டு வாங்க வாங்க என்று எல்லாரையும் கூப்பிடுகிறார். அப்பா கதவில் கையை வைத்து, டீச்சரைத் தோளைப் பிடித்து வெளியே இறக்கிவிட்டு, உன் சித்தப்பாவைப் பார்த்து, நீ சரின்னு சொன்ன லிஃப்ட்தானே தம்பி, முதல்ல நீ ஏறு, பின்னாலேயே நானும் ஏறுறேன் என்றார். குரலைக்கூட உயர்த்தவில்லை. உன் சித்தப்பா முகத்தில் ஈயாடவில்லை. மேல சமையலைப் பாக்கணும், படியிலயே போயிடறேன் என்று ஏதோ முனகினார். ஆண்பிள்ளைகள் நாலு பேர் சிரித்துக்கொண்டே, ஒரு தடவை போய்ட்டு வாங்க சார் என்று அவரை உள்ளே தள்ளப் போனார்கள். அவ்வளவுதான், உன் சித்தி கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, ஐயோ வேணாங்க, கயிறு அறுந்துடும், பிள்ளைங்க இருக்காங்க என்று கத்திவிட்டாள். அத்தனை பேரும் கேட்டார்கள். சாப்பிட யாரும் மேலே போகவில்லை. அன்றைக்கே லிஃப்டைப் பூட்டிவிட்டார்கள், கட்டடக்காரர் புதுக் கயிறு போட ஆள் வைத்திருக்கிறார். நமக்கு வரவிருந்த மூன்றாவது மாடி வீடு போய்விட்டது. அண்ணன் என் பிழைப்பைக் கெடுத்துட்டான் என்று உன் சித்தப்பா ஊரெல்லாம் சொல்கிறார், சொல்லட்டும்.

வீட்டுக்கு வந்து அப்பா உன் செய்தியை இன்னொரு முறை எடுத்துப் படித்தார். நான் என்னென்னவோ சொல்லித் திட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, நமக்கு ஒரு வீடு வேணும்னு பையன் ஆசைப்பட்டிருக்கான், விடு என்றார். உன்னை அவ்வளவு சுலபமாக மன்னித்துவிட்டார். எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. நீ போன் செய்தால் என்னிடம் பேசாதே, அவரிடம் பேசு, வீட்டைப் பற்றிப் பேசாதே, அவரை என்ன செய்யச் சொல்லிக் கேட்டாய் என்பதை உன் வாயால் அவரிடமே சொல். அதன்பிறகு உன்னோடு பேசுவதா வேண்டாமா என்று நான் முடிவு செய்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, கண்டவர்களிடம் கைநீட்டாதே, நல்ல புத்தியோடு நீண்ட ஆயுளும் உனக்குக் கிடைக்கட்டும். அப்பா வேலை முடிந்து வர சாயங்காலம் ஆகும், போனை அப்போது செய்.

இப்படிக்கு,
முதலில் உன் அப்பாவின் மனைவி,
அப்புறம்தான் உன் அம்மா.