நீ உடைத்த பல்

டேய் கூட்டாளி,

நீ உடைத்த முன்பல் இருந்த இடத்தில் டாக்டர் டைட்டானியம் திருகாணி வைத்து நான்கு மாதம் ஆகிறது. நேற்று அதைத் தட்டிப் பார்த்தார், கணீரென்றது.

"பசையே போடல, எலும்பு தானா வளர்ந்து பிடிச்சிருச்சு. புதன்கிழமை அது மேல பல்லை மாட்டிடலாம். ஆமா, பழைய பல்லு எப்படிப் போச்சு?"

"படியில வழுக்கிட்டேன்."

"படி மோதிரம் போட்டிருந்துச்சோ?" என்று என் உதட்டுத் தழும்பைப் பார்த்துச் சிரித்தார்.

உன் மனைவி ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தபோது, "நம்ம கடைக்கு எப்பதான் வருவே?" என்று கேட்டவன் நான். ஒரு பல்லோடு விட்டாயே, அதுவே பெரிது. அவள் போன பிறகும் உன் முகத்தில் விழிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போதும் கடையில் விலை பேசும்போது பாதியில் நிறுத்தி, நீ உட்காரும் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன்.

புதன்கிழமை வரமாட்டேன் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். நாக்கு அந்த இடைவெளிக்குப் போகும்போதெல்லாம் உன் நினைவு வருகிறது. அதையும் அடைத்துவிட்டால் உன்னுடையது என்று என்னிடம் எதுவும் மிஞ்சாது.

ஞாயிற்றுக்கிழமை காலை உன் வீட்டுக்கு வருகிறேன். கதவைத் திறக்காவிட்டால் வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன். அன்று ஆஸ்பத்திரி வாசலில் உன்னோடு உட்கார்ந்திருக்க வேண்டியவன்தானே நான்.

உன் பழைய கூட்டாளி