எல்லா நாளும் பச்சை

அன்புள்ள நிஷாந்தி அக்காவுக்கு,

பலாபத்வலையிலிருந்து அம்மா சொல்லச் சொல்லத் தங்கச்சி எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம், அங்கே உங்களுக்கும் காய்ச்சல் தலைவலி என்று ஒன்றும் வரக்கூடாது என்று அம்மா வெள்ளிக்கிழமை மாத்தளைக்குப் போய் முத்துமாரியம்மனைக் கும்பிட்டு வந்தார். அப்பா மிளகு ஆயப் போகிறார், மழையில் ஏணி வழுக்கும் என்றால் கேட்பதில்லை. பக்கத்து வீட்டு நிதுஷன் அண்ணா நாளைக்குக் கொழும்புக்கு வருகிறார், இந்தக் கடிதத்தோடு மிளகுத்தூளும் கொஞ்சம் கொடுத்து அனுப்புகிறோம். கடைச் சோற்றையே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, ஆபீஸில் ஏசி குளிர் என்றால் காதைக் கட்டிக்கொள், யாராவது சிரித்தால் சிரிக்கட்டும், போர்டிங்காரம்மாவிடம் வாய் காட்டாதே, இதெல்லாம் அம்மா எழுதச் சொன்னது. “எனக்கு ஒரு கொறையும் இல்ல, காமெண்ட்ல வேல சொகமா போகுதுன்னு எழுதுடி” என்றும் சொன்னார்.

இப்போது அம்மா துணி அலசப் பீலித் தண்ணிக்குப் போயிருக்கிறார், வருவதற்குள் மற்றதை எழுதிவிடுகிறேன். நீங்கள் போன் எடுக்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், நான் எதைச் சொல்ல முடியும். அம்மா நன்றாக இல்லை அக்கா. காமெண்ட் பெக்டரியில் நாள் முழுக்க அயர்ன் மேசையில் நின்று நின்று துணி தேய்த்து காலில் நரம்பெல்லாம் சுருண்டு நீலமாகிவிட்டது, கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்து நீர் கசிகிறது. இப்படியே நின்றால் புண் பெரிதாகும் என்று கிளினிக்கில் நர்ஸ் சொன்னார். டாக்டர் எழுதிக் கொடுத்த துண்டைக் காமெண்டில் கொடுத்தால் குணமாகி வா என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், பிறகு கூப்பிடமாட்டார்கள் என்று அம்மா அதைச் சேலைக்கு நடுவில் மடித்து வைத்திருக்கிறார். உட்கார்ந்து நூல் வெட்டும் வேலைக்கு மாற்றினால் போதும், அது ஒன்றுதான் வேண்டும்.

அம்மாவும் நானும் போகிற காமெண்டில் எச்.ஆர் ஆட்கள் கேட்டின் பக்கத்தில் ஒரு டெப், விரலால் தொடுகிற திரை, வைத்திருக்கிறார்கள். காலையில் உள்ளே போகும்போது கார்டைக் காட்டிவிட்டு அன்றைக்கு எப்படி இருக்கிறோம் என்று ஒரு முகத்தை அழுத்த வேண்டும். சிரிக்கிற முகம் பச்சை, சும்மா இருக்கிறது மஞ்சள், அழுகிறது சிவப்பு. நம்முடைய நன்மைக்குத்தான், மனக்கஷ்டம் உடம்புக் கஷ்டம் எல்லாம் அவர்களுக்கு உடனே தெரியுமாம். ஆனால் வாரம் முழுக்கப் பச்சையாக இருக்கிற வேலை லைனுக்கு ஐஸ்கிரீம் கொடுத்து, போட்டோ எடுத்துப் பலகையில் ஒட்டுகிறார்கள். சிவப்பு வந்தால் லைன் லீடரை மேலே கூப்பிட்டு ஏன் என்று கேட்கிறார்கள். அதனால் எங்கள் லீடர் நஸ்மியா அக்கா காலையில் டெப்புக்குப் பக்கத்திலேயே நிற்கிறார். “ஊட்டுக் கவலைய கேட்டுக்கு வெளிய வச்சிட்டு வாங்க புள்ளைங்களா, ஒரு ஆளு அழுதா நான்தான் மேல போயி அழணும்” என்பார், எல்லோரும் சிரித்துக்கொண்டே அழுத்துவோம். புருஷன் அடித்து உதடு வீங்கி வந்தவள்கூடப் பச்சைதான். “ஒன் மூஞ்சிய விட அந்த மூஞ்சி நல்லாருக்குடி” என்று பின்னால் நின்றவர்கள் கேலி பண்ணினார்கள், அவளும் சிரித்தாள்.

போன வாரம் அம்மா பயந்து பயந்து எச்.ஆர் சசிக்குமார் சேரிடம் போனார், நானும் கதவோரம் நின்றேன். சேர் மரியாதையாகக் கதிரை போட்டார், காலைப் பார்த்து ஐயோ என்றார். பிறகு கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். “இதப் பாருங்கம்மா, எல்லா நாளும் பச்சையா இருக்கு. ஒரு நாளாவது மஞ்சள் போட்டிருந்தா நான் மேல பேசியிருப்பேன். இத வச்சிக்கிட்டு எப்புடி கேக்குறது? இனி உள்ளத போடுங்க, கொஞ்ச நாள் பாப்போம்” என்றார். அம்மா சரிங்க சேர், சரிங்க சேர் என்று கும்பிட்டுவிட்டு வந்தார். மறுநாள் காலை நஸ்மியா அக்கா வழக்கம்போல நின்றார், பின்னால் எங்கள் லைன் முழுக்க நின்றது. அம்மா விரலைச் சிவப்புப் பக்கம் கொண்டுபோய்ப் பச்சையைத்தான் அழுத்தினார். அன்று முதல் ஒவ்வொரு நாளும் அப்படித்தான். கேட்டால், “என் ஒரு காலுக்காக அத்தன பேரு வாயில விழணுமாடி” என்கிறார். சேர் கெட்டவர் இல்லை, நஸ்மியா அக்காவும் கெட்டவர் இல்லை, யாரைக் குறை சொல்வது என்று தெரியவில்லை.

மனசு விட்டுப் பேசலாம் என்று டொய்லெட் சுவரில் ஒரு நம்பர் ஒட்டியிருக்கிறார்கள். நான் அதற்குப் போன் எடுத்தேன். சொல்லுங்க என்று ஒரு அக்கா நல்ல தமிழில்தான் கேட்டார். நான் வைத்துவிட்டேன்.

உங்கள் கம்பெனியிலும் இந்த மாதிரி டெப் வைக்கிறார்கள், தமிழ் ஆட்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுக்கப் போகிறேன் என்று தீபாவளிக்குச் சந்தோஷமாகச் சொன்னீர்கள். அங்கேயாவது அழுத்தும்போது பக்கத்தில் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஐஸ்கிரீம் கொடுக்காதீர்கள். இங்கே அம்மாவுக்கு அடுத்ததாக நான்தான் நிற்கிறேன். அம்மா கார்டைக் காட்டியதும் அவருக்குப் பதிலாக நான் சிவப்பை அழுத்தினால் அவருக்கு ஏதாவது ஆகுமா? ஏன் அழுத்தினாய் என்று எல்லோர் முன்னாலும் கேட்டால் நான் என்ன சொல்வது? உங்கள் ஆபீஸ் ஆட்கள் எந்தப் பதிலை ஏற்றுக்கொள்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும், அதை எழுதுங்கள். போனில் வேண்டாம், நிதுஷன் அண்ணா ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும்போது அவர் கையில் கட்டாயம் கொடுத்துவிடுங்கள்.

அம்மா வந்துவிட்டார். நீ தீர்க்காயுசா இருக்கணும், உன் வேலையில் நல்ல பேர் எடுக்கணும் என்று ஆசீர்வாதம் எழுதச் சொல்கிறார். இவ்வளவு நேரம் என்ன எழுதினாய் என்று கேட்டார், காமெண்ட் டெப்பைப் பற்றி என்றேன். “எழுது எழுது, அக்காவும் அந்த வேலதான செய்றா, சந்தோசப்படுவா” என்கிறார்.

இப்படிக்கு,
அம்மாவுக்காக, தங்கச்சி
டிலானி