செவேயின் இடப்பக்கம்

செவ்வாய், மே 14

முழங்காலிலிருந்து மறுபடியும் நீர் எடுத்தார்கள். டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, "எர்மினியோ, உனக்கு என்ன வயசாச்சு?" என்றார். அவருக்குத் தெரியும். என் வாயால் வர வேண்டும் என்று கேட்கிறார். முப்பத்தேழு என்றேன்.

"நடக்கலாம். மீன் பிடிக்கலாம். மக கல்யாணத்துல ஆடலாம். பந்து மட்டும் வேணாம்."

மகளுக்கு வயது ஆறு. அது வரைக்கும் என்ன செய்வது?

மனைவி சுல்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள் போல. தட்டில் மரவள்ளிக்கிழங்கைக் குவித்து வைத்தாள்.

வெள்ளி, மே 17

உடைமாற்றும் அறையில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். கைதட்டினார்கள். செவே மட்டும் தட்டவில்லை. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டான்.

ஒன்பது வருடம் அவன் கோலில், நான் அவனுக்கு முன்னால் பின்வரிசையில். என் மகள் அராமிக்கு அவன்தான் ஞானத்தகப்பன். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. "சோப்புடா," என்றான்.

செவ்வாய், மே 28

பயிற்சியாளர் போய்விட்டார். தலைநகர் அசுன்சியோனில் யாரோ கூப்பிட்டார்களாம். பையன்களிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

மாலையில் கிளப் தலைவர் தோன் லிபோரியோ வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். சுல்மா ஊற்றிக் கொடுத்த குளிர்ந்த தெரெரே தேநீரை உறிஞ்சி முடிக்கும் வரை விஷயத்துக்கே வரவில்லை. அப்புறம், "நீயே அணியப் பாத்துக்கோ," என்றார்.

"வேற யாரும் கிடைக்கலையா தோன் லிபோரியோ?"

"கிடைச்சிருந்தா உன்கிட்ட ஏன்பா வர்றேன்?"

உண்மையைச் சொல்கிறாரே, அதுவே பெரிது. கடைசியிலிருந்து இரண்டாவது இடத்தில் இருக்கிறோம். கடைசி இரண்டு அணிகள் மூன்றாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். இறங்கினால் கிளப்பை மூடிவிடுவேன் என்று சுல்மா எதிரிலேயே சொன்னார். எங்கள் ஊர் புவெர்த்தோ ஜாசியில் ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு என்ன இருக்கிறது?

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் போனதும் சுல்மா, "இதுல யோசிக்க என்ன இருக்கு? இங்க உக்காந்து டிவியப் பாத்துக் கத்துறத அங்க போய்க் கத்து," என்றாள்.

சனி, ஜூன் 1

முதல் நாள். நேற்று வரை எர்மி, இன்று 'ப்ரொஃபே'. பயிற்சியாளரை எல்லோரும் அப்படித்தானே கூப்பிடுகிறோம். இருந்தாலும் ஒருவன் கூப்பிட்டபோது பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

செவே, "ப்ரொஃபேயாம்! போன மாசம் என் துண்டத் திருடிட்டுப் போன பய!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் அப்படிச் சொன்னதால்தான் எனக்கும் மூச்சு வந்தது.

ஞாயிறு, ஜூன் 9

0–2.

ஞாயிறு, ஜூன் 16

1–3. எங்கள் மைதானத்திலேயே. ஒரு கிழவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "எர்மினியோ, உன் முழங்காலே உன்ன விட நல்லா அணி நடத்தும்!" என்று கத்தினார்.

திங்கள், ஜூன் 17

இரண்டு ஆட்டத்தையும் வீடியோவில் போட்டுப் பார்த்தேன். வாங்கிய ஐந்தில் நான்கு கோல், செவேயின் இடப்பக்கம், தரையோடு தரையாக.

எனக்குத் தெரியும். பார்க்காமலே தெரியும். சில வருடம் முன்பு கம்பத்தில் மோதி அவனுடைய இடது தோள் போனது. டாக்டரிடம் போகமாட்டேன் என்றான். போனால் உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயம். அன்றிலிருந்து அந்தப் பக்கம் தாழ்வாகப் பாய மாட்டான். நான் அரை அடி இடப்பக்கம் தள்ளி நிற்க ஆரம்பித்தேன். அவன் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. அங்கே வரும் பந்தெல்லாம் என் காலில் பட்டுப் போகும். ஊரே அவனை நல்ல கோல்கீப்பர் என்றது — நல்ல கோல்கீப்பர்தான்.

இப்போது என் இடத்தில் நிற்பவன் நிற்க வேண்டிய இடத்தில்தான் நிற்கிறான். அவன்மேல் தப்பில்லை. தள்ளி நிற்கச் சொல்லிப் பயிற்சியில் பார்த்தேன். அவனுக்கு அந்தப் பழக்கம் இல்லை, வலப்பக்கம் வாசல் மாதிரி திறந்துகொண்டது.

என் முழங்கால் போனபோதே அவன் தோளும் போய்விட்டது. இதை எப்படி அவனிடம் சொல்வேன்?

வியாழன், ஜூன் 20

சொல்லிவிட்டேன். மூன்று நாளாக வண்டி ஓட்டும்போதெல்லாம் தனியாகப் பேசிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு பிரயோஜனமும் இல்லை.

பயிற்சி முடிந்து காலியாகக் கிடந்த கேலரியில் உட்கார்ந்தோம். ஞாயிற்றுக்கிழமை கோலில் நம் இளம் மாற்று கோல்கீப்பர் ஓஸ்மார் ஆடட்டும் என்றேன். சிரித்தான். "அந்தப் பயலுக்கு மீசையே ஒழுங்கா மொளைக்கல." நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றது.

"செவே, உன் தோளு..."

"வாய மூடு. அது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சது."

"அதனாலதான்டா நானே சொல்றேன்."

"கூட்டாளியா சொல்றியா, ப்ரொஃபேவா சொல்றியா?"

"ரெண்டு பேருமாத்தான்," என்றேன். அதைவிட மோசமான பதில் உலகத்தில் இருக்க முடியாது. எழுந்து, கையுறையை என் பக்கத்திலேயே வைத்துவிட்டு, "அப்ப ரெண்டு பேரும் நல்லா இருங்க," என்று படி இறங்கிப் போய்விட்டான்.

நான் செய்தது சரிதானா? சரிதான். சரி என்றால் அந்தக் கையுறையை ஏன் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்?

ஞாயிறு, ஜூன் 23

1–0. நான் வந்தபின் முதல் வெற்றி. ஓஸ்மார் மூன்று பந்தைப் பிடித்தான். பையன்கள் என்னைத் தூக்கினார்கள். செவே மாற்று ஆட்டக்காரர்கள் பெஞ்சின் கோடியில், ஜாக்கெட்டைக் கழுத்து வரை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

புதன், ஜூலை 10

செவே ஒப்ரெரோ கிளப்புக்குப் போய்விட்டான். தோன் லிபோரியோ சொல்லித்தான் தெரியும்.

சனி, ஜூலை 27

அராமிக்கு இன்று ஏழு வயது. ஞானத்தகப்பன் வரவில்லை. சைக்கிள் அனுப்பியிருந்தான், சிவப்பு நிறம், அவள் கேட்ட அதே மாதிரி. எனக்கு ஒரு வார்த்தையும் இல்லை.

ஞாயிறு, ஆகஸ்ட் 18

மழை, சேறு, 2–2. ஆனால் ஒன்றை எழுதியே ஆக வேண்டும். இடைவேளையில் இரண்டு கோல் பின்தங்கியிருந்தோம்; பலகை எழுதவில்லை, நனைந்துவிட்டது. பெஞ்சில் சிப்பா ரொட்டிகளை வரிசையாக வைத்து ஆட்டக்காரர்கள் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டினேன். கோல்கீப்பருக்கு ஒரு எலுமிச்சம்பழம். பேசிக்கொண்டே திரும்பினால் இடது பின்வரிசையைக் காணோம், எவனோ தின்றுவிட்டான். "அந்த எடம் காலியா இருந்தா கோல் விழும்னு இப்பப் புரியுதா?" என்றேன். அறையே சிரித்தது. வெளியே போய் இரண்டு கோலையும் திருப்பி அடித்தார்கள்.

நான் ஆடும்போது என் பந்து, என் ஆள், என் கால் — அவ்வளவுதான் தெரியும். இன்று கோட்டுக்கு வெளியே நனைந்துகொண்டு நின்றபோது பதினொரு பேரும் ஒன்றாகத் தெரிந்தார்கள். வீட்டுக்கு வந்து சுல்மாவிடம், "எனக்கு இது புடிச்சிருக்கு," என்றேன். "எனக்கு ஜூன் மாசமே தெரியும்," என்றாள்.

ஞாயிறு, அக்டோபர் 6

ஜெயித்தோம். இன்னும் ஒரே ஒரு ஆட்டம். டிரா செய்தால் போதும், தப்பித்துவிடுவோம். தோற்றால் இறக்கம்.

எதிரணி ஒப்ரெரோ. அவர்கள் ஊரில். கோலில் யார் என்று சொல்ல வேண்டுமா?

செவ்வாய், அக்டோபர் 8

ஒப்ரெரோவின் ஆட்டங்களைப் பார்த்தேன். அங்கே பின்வரிசை கூட்டமாக நிற்கிறது. அதனால் யாரும் அவன் இடப்பக்கத்தைக் கண்டுபிடிக்கவில்லை. எனக்கு மட்டும் தெரியும்.

பையன்களிடம் சொன்னால், அவன் என்னை நம்பி மறைத்ததை நான் விற்றதாக ஆகும். சொல்லாவிட்டால், இருபது பேர் பிழைப்பை என் கூட்டாளிக்காகப் பணயம் வைத்ததாக ஆகும்.

சுல்மாவிடம் கேட்டேன். துணி மடித்துக்கொண்டே, "செவே உன் எடத்துல இருந்து, உன் முழங்காலப் பத்தி அவனுக்குத் தெரிஞ்சிருந்தா என்ன செய்வான்?" என்றாள்.

"மைக்குல சொல்லுவான்."

"அப்புறம் என்ன?"

ஆனாலும் தூக்கம் வரவில்லை.

சனி, அக்டோபர் 12

சொன்னேன். "செவேக்கு இடப்பக்கம், தரையோட அடிங்க." ஏன் என்று சொல்லவில்லை. ஓஸ்மார் மட்டும் என்னையே பார்த்தான். கோல்கீப்பர் இல்லையா, அவனுக்குப் புரிந்திருக்கும்.

ஞாயிறு, அக்டோபர் 13

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

ஆட்டம் ஆரம்பிக்கும்போதே கவனித்தேன்: செவே அரை அடி இடப்பக்கம் தள்ளி நிற்கிறான். நான் அவனுக்காக நின்ற அந்த அரை அடி. நான் சொல்லியிருப்பேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

முதல் பாதியில் மூன்று தடவை அந்தப் பக்கமே அடித்தோம். மூன்றும் அவன் உடம்பில் பட்டுத் திரும்பின. மூன்றாவதைத் தடுத்துவிட்டு எழுந்து என்னைப் பார்த்து நாக்கை நீட்டினான். முப்பத்தாறு வயசு மனுஷன்! இரண்டாம் பாதி தொடங்கியதுமே ஒப்ரெரோ கோல் போட்டது. 0–1. தோன் லிபோரியோ தலையில் கைவைத்துக்கொண்டார்.

ஆட்டம் முடிய சில நிமிடம் இருக்கும்போது வலது ஓரத்தில் ஓடும் எங்கள் ரமோன்சித்தோவுக்குப் பந்து கிடைத்தது. இடப்பக்கம் அடிடா, இடப்பக்கம்! அவன் செவேயின் வலப்பக்கம் அடித்தான். அங்கே யாருமே இல்லை. வலை குலுங்கியது. 1–1. அப்படியே முடிந்தது.

ரமோன்சித்தோ ஓடிவந்து, "ப்ரொஃபே, மன்னிச்சிருங்க, பதட்டத்துல நீங்க சொன்னது மறந்தே போச்சு," என்றான். கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

எல்லோரும் குதித்துக்கொண்டிருந்தபோது செவே மைதானத்தைக் கடந்து என்னிடம் வந்தான். அவன்தான் ஆரம்பித்தான்.

"சொல்லிட்ட, இல்ல?"

"சொல்லிட்டேன்."

"வாரம் பூரா அந்தப் பக்கமே பயிற்சி எடுத்தேன்டா. நீ சொல்லாம விட்டிருந்தா என்னைப் பாவம்னு நெனச்சுட்டன்னு அர்த்தம். அப்புறம் ஜென்மத்துக்கும் உன் மூஞ்சியில முழிச்சிருக்க மாட்டேன்."

"தோளு வலிக்குதா?"

"சாவடிக்குது," என்றான். அழுதுவிட்டான். நானும்தான். இந்தத் தடவை சோப்பு எதுவும் இல்லை.

புதன், நவம்பர் 6

செவேக்குத் தோளில் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இனி ஆட முடியாது. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைப் பற்றி ஒரு மணி நேரம் திட்டினான். தோன் லிபோரியோவிடம் ஒரு விஷயம் கேட்டு வைத்திருக்கிறேன்.

செவ்வாய், பிப்ரவரி 18

புது சீசனுக்கு இரண்டு கோல்கீப்பர்கள். ஓஸ்மார், அப்புறம் அசுன்சியோனிலிருந்து வந்திருக்கும் கபாயேரோ. கபாயேரோ அனுபவசாலி, முப்பத்துநான்கு வயது. முதல் ஆட்டத்தில் யாரை நிறுத்துவது என்ற முடிவை எங்கள் புது கோல்கீப்பர் பயிற்சியாளர் செவேயிடம் விட்டிருந்தேன். ஓஸ்மார்தான் என்றான். கபாயேரோவிடம் நீயே சொல்லிவிடு என்றேன்.

காலையிலிருந்து பந்துகளை எண்ணினான், வலையைச் சரிபார்த்தான், மறுபடியும் பந்துகளை எண்ணினான். கடைசியில் என் அறை வாசலில் வந்து நின்றான்.

"எர்மி, அன்னிக்கு என்கிட்ட எப்படிடா சொன்ன?"

"ரொம்ப மோசமா."

"அது தெரியும். அதவிடக் கொஞ்சம் நல்லா சொல்ல ஏதாச்சும் வழி இருக்கா?"

"தெரியல செவே. இருந்தா எனக்கும் வந்து சொல்லு."

பிறகு சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, கபாயேரோ உட்கார்ந்திருந்த கேலரிப் பக்கம் நடந்தான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவனுக்கு எதிரில் நிற்காமல், பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.